“எங்கள் காலத்தில் யாரும் சோர்ந்ததில்லை”: மூன்று தலைமுறை மருத்துவர்களும் பணிச்சோர்வும்

வைகைக்கரை எழுதியது:

இரவுப் பணி முடித்த பட்டமேற்படிப்பு மாணவர்களை மறுநாள் காலை ரவுண்ட்ஸ் (வார்டு சுற்று) முடிந்ததும் விடுதிக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் துறையில் ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கோரிக்கையைவிட, அதை எழுதி எல்லாரும் கையெழுத்திட்டுக் கொடுத்ததுதான் மூத்தவர்களைச் சுட்டுவிட்டது. “எங்கள் காலத்தில் சீஃப் (யூனிட் எனும் மருத்துவர் குழுவின் தலைவர்) போகச் சொன்னால்தான் போவோம், இந்தப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு கிடையாது” என்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

நான் 2003-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவன். இப்போது பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர். எனக்கு மேலே 1980-களில் படித்தவர்கள், கீழே நீட் எழுதி வந்தவர்கள். இரு தரப்பும் என்னிடம் வந்துதான் மற்றவரைப் பற்றிக் குறை சொல்கிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை ஈடுபாடு உண்மையிலேயே குறைகிறதா? முன்பும் இதே சோர்வு இருந்து, வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லையா? மருத்துவமனைப் பெயர்கள் வேண்டாம். கண்டதையும் படித்ததையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கத்தி எழுதியது:

தம்பி, நான் அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து ஓய்வுபெற்றவன். எம்.பி.பி.எஸ். சேர்ந்தது 1979. புது நோயாளிகளைச் சேர்க்கும் எங்கள் அட்மிஷன் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்கேன் கிடையாது. வயிற்றில் கை வைத்துப் பார்த்து, குடலில் ஓட்டையா, கணைய அழற்சியா என்று முடிவெடுத்துத் திறக்க வேண்டும். கணிப்பு தவறினால் மறுநாள் வார்டு முழுக்கக் கேட்கும்படி சீஃப் திட்டுவார். திட்டு வாங்கிய கையோடு அவருடனேயே கேண்டீனுக்குப் போய் இட்லி சாப்பிடுவோம். காசு அவர்தான் கொடுப்பார்.

ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) மெடிசின் வார்டில் இருந்தபோது, பூச்சிமருந்து குடித்தவர் வராத இரவே கிடையாது. வென்டிலேட்டரைப் பார்ப்பதே அரிது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்மணி விரிந்திருக்கிறதா, நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கியிருக்கிறதா, நாடி எத்தனை என்று பார்த்துப் பார்த்து விஷமுறிவு மருந்தான அட்ரோபின் போட்டுக்கொண்டே இருப்போம். விடியும்போது உடைத்த ஆம்பூல்கள் கிட்னி ட்ரேயில் குவிந்து கிடக்கும். அந்த ஆள் ஐந்தாம் நாள் எழுந்து நடந்தால், பிழைக்க வைத்தவன் நான்தான் என்று எனக்கும் தெரியும், அவன் ஊருக்கும் தெரியும்.

சோர்வாக இருக்கிறதா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இன்றைக்கு முதலாண்டு மாணவன் மனநல விடுப்பு கேட்கிறான். கோபத்தில் சொல்லவில்லை, எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

வணக்கம் சார். நான் பொது மருத்துவப் பட்டமேற்படிப்பு மூன்றாம் ஆண்டு மாணவி. அட்ரோபின் இன்றும் அப்படியேதான் போடுகிறோம். ஸ்டூலும் அதே ஸ்டூல்தான். அதைச் சுற்றியுள்ள எல்லாம் மாறிவிட்டது.

எங்கள் அட்மிஷன் இரவு ஒன்றைச் சொல்கிறேன். கட்டில் நிரம்பித் தரையில் பாய் போட்டாயிற்று. பத்தரை மணிக்கு ஒரு மாரடைப்பு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துறை வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வருகிறது: “காப்பீட்டு ஒப்புதல் எத்தனை நிலுவை? காலை எட்டுக்குள் பட்டியல் வேண்டும்.” முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் பெற அட்டை நகல், நோயாளி கட்டிலில் இருக்கும் புகைப்படம், பரிசோதனை முடிவுகள் என்று ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்ற வேண்டும். அட்டை ஊரில் இருக்கும். மகன் முதல் பஸ்ஸில் கொண்டுவருவான். இடையில் ரத்த வங்கிக்கு நானே ஓடினேன், அட்டெண்டர் இல்லை. ஸ்கேனுக்கு ட்ராலி தள்ளியது ஹவுஸ் சர்ஜன். காலை ரவுண்ட்ஸில், அந்த மாரடைப்பு நோயாளிக்குக் கழுத்துச் சிரை அழுத்தம் பார்த்தாயா என்று சீஃப் கேட்டார். பார்க்க நேரமில்லை. “ஈடுபாடு இல்லை” என்றார்.

இந்தத் தலைமுறை அதிகம் கேட்கிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ரெசிடென்ட் (பயிற்சியிலுள்ள மருத்துவர்) திட்டம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் பொதுவாகப் பணி கூடாது என்றது. 2023-இன் தேசிய மருத்துவ ஆணைய விதிகளில் “நியாயமான பணி நேரம்” என்று மட்டுமே இருக்கிறது. 2024-இல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரம் 74 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. 32 ஆண்டுகளில் 48 வளர்ந்து 74 ஆகியிருக்கிறது. அந்த 74-உம் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

அதே 2024 ஆகஸ்டில்தான் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், 36 மணி நேரப் பணிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போன பட்டமேற்படிப்பு மருத்துவர் கொல்லப்பட்டார். எங்கள் விடுதியில் அன்று எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: நம் வார்டில் பெண்கள் தாழ்ப்பாள் போட்டுப் படுக்க அறை எங்கே இருக்கிறது?

நெல்வயல் எழுதியது:

நான் மருத்துவத் துறையில் இல்லை. அப்பாவை அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒவ்வொரு வேளையும் ஒரு புது டாக்டர் வந்து, எப்போது நெஞ்சு வலித்தது என்று முதலிலிருந்து கேட்டார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் எங்கள் டாக்டர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. உங்கள் விவாதத்தில் இதற்கும் இடம் உண்டா?

மூன்று ஷிப்ட் எழுதியது:

நான் செவிலியர். இங்கே பேசும் மூன்று தலைமுறையோடும் இரவு விழித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

பழைய சீஃப்கள் கத்துவார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தகவல் சொன்னால் லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து நின்றவர்களும் அவர்களில் உண்டு. மாலை ஆறு மணிக்குமேல் சொந்த கிளினிக்கை விட்டு அசையாதவர்களும் உண்டு. முதல் வகையைப் பற்றி மட்டும்தான் பிரிவுபசார விழாவில் பேசுகிறார்கள்.

சோர்வை யாரும் சொன்னதில்லை என்று ஐயா எழுதியிருக்கிறார். போதை தரும் வலிநிவாரணியான பெத்திடின் வைத்திருக்கும் அலமாரியின் சாவியை எந்த டாக்டர் கேட்டால் கொடுக்கக்கூடாது என்று ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்குக் காதில் சொல்லிவிட்டுப் போன காலம் அது. மது வாடையோடு வந்தவரைப் பின்வாசல் வழியாக ஓய்வறைக்கு அனுப்பிவிட்டு, “சாருக்குக் காய்ச்சல்” என்று ரவுண்ட்ஸில் சொல்லியிருக்கிறோம். அப்போதும் சோர்வு இருந்தது. அதை மூடி மறைக்க நாங்கள் இருந்தோம்.

இப்போதைய பிள்ளைகள் கத்துவதில்லை. முன்பு சிஸ்டர் என்று அதட்டிய இடத்தில் அக்கா என்கிறார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள். அவர்கள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. போனில் மருந்தைச் சொல்லிவிட்டு, வந்து கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னால் அடுத்த வார்டில் இருக்கிறேன் என்பார்கள். எழுதாத மருந்துக்கு நாளைக்கு விசாரணையில் நிற்கப்போவது நான். அவர்கள் களைப்பு எனக்குத் தெரியும். என் பென்ஷனும் எனக்கு வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சமூக மருத்துவத் துறையிலிருந்து. நம் துறைக்காரர்கள் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

ஒருவருடைய வயது, பணியில் அவர் நிற்கும் படி, அவர் பயின்ற காலம் ஆகிய மூன்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். 26 வயது மாணவருக்கும் 60 வயதுப் பேராசிரியருக்கும் ஒரே நாளில் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, வந்த வித்தியாசத்தைத் தலைமுறை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. 60 வயதுக்காரர் இரவில் ட்ராலி தள்ளுவதில்லை. தாக்குப்பிடித்தவர்தான் 60 வயதில் கேள்வித்தாள் நிரப்ப மிஞ்சியிருக்கிறார். பாதியில் ராஜினாமா செய்தவர், வெளிநாடு போனவர், இரவு வேலை இல்லாத துறைக்கு மாறியவர், குடியில் போனவர் ஆகியோரிடம் யாரும் கேள்வித்தாளை நீட்டவில்லை. ஆக, மூத்தவர்கள் உறுதியானவர்கள் என்று எந்த ஆய்வு சொன்னாலும், உறுதியானவர்களே மூத்தவர்களாக மிஞ்சினார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2013-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவர்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு, தொழிலுக்கு வந்து பத்தாண்டு வரை, 11 முதல் 20 ஆண்டு வரை, அதற்கு மேல் என்று பிரித்துப் பார்த்தது. உணர்ச்சிக் களைப்பு மிகுதியாக இருந்தது நடுப்பிரிவினரிடம். இளையவர்களிடம் வீட்டுக்கும் வேலைக்குமான இழுபறியும், நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் மரத்துப்போவதும் கூடுதல். மூத்தவர்கள் ஒப்பீட்டளவில் நிறைவாக இருந்தார்கள். அமெரிக்காவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் இந்த இழையைத் தொடங்கிய வைகைக்கரை நடுப்பிரிவு ஆள் என்பதைக் கவனித்தேன். கிழவர்களைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டவர் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

எண்களை நம்புவதிலும் நிதானம் வேண்டும். 2018-இல் மருத்துவர்களின் பணிச்சோர்வு பற்றிய 182 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பணிச்சோர்வுக்கு அவற்றில் இருந்த வரையறைகள் குறைந்தது 142. பாதிக்கப்பட்டோர் விகிதம் ஓர் ஆய்வில் பூஜ்யம், இன்னொன்றில் 80.5 சதவீதம். மேடையில் யாராவது “மருத்துவர்களில் பாதிப்பேருக்குப் பணிச்சோர்வு” என்றால், எந்த அளவுகோல் என்று கை தூக்கிக் கேளுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் அளவுகோலில் களைப்பு, விலகல், ‘நான் எதையும் சாதிக்கவில்லை’ என்ற உணர்வு ஆகியவை தனித்தனியாக அளக்கப்படுகின்றன. ஈடுபாட்டை அளக்கும் உட்ரெக்ட் அளவுகோல் ஊக்கம், அர்ப்பணிப்பு, வேலையில் மூழ்குதல் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் களைத்தும் ஈடுபட்டும் இருக்க முடியும். அறுவை சிகிச்சை ஐயாவின் அட்ரோபின் இரவில் இரண்டுமே உச்சத்தில் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு மாணவியின் இரவில் களைப்பு அதே அளவு; நோயாளியிடம் செலவாக வேண்டிய ஈடுபாடு அட்டை நகலுக்குச் செலவாகியிருக்கிறது. இருவரும் ஒரே அளவு உழைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் எழுந்து நடந்தவரை ஒருவர் பார்த்தார், மற்றவருக்கு அது வாய்க்கவில்லை.

ஒரு கொசுறு: மருத்துவமனையிலேயே குடியிருந்து இரவுபகலாகப் பயிலும் ரெசிடென்ட் முறையை அறுவை சிகிச்சைக்கு வடிவமைத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்லியம் ஹால்ஸ்டெட். கோகெய்னை மரத்துப்போகும் மருந்தாகத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர். பிறகு மார்ஃபினுக்கு மாறியவர். “எங்கள் காலத்தில்” என்ற பேச்சின் ஊற்று அவரிடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கத்தி எழுதியது:

சிஸ்டர் சொன்ன சாவி விவகாரம் எல்லா ஊரிலும் இருந்தது, மறுக்கமாட்டேன். கணக்குப்பிள்ளையின் ‘மிஞ்சியவர்’ வாதமும் சரி. என் யூனிட்டில் கூடப் படித்தவர்களில் ஒருவர் கடைசியில் மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவரைச் சோம்பேறி என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தோம்.

ஆனால் மணி நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஏற்கமாட்டேன். நானும் படிக்கிறேன். 2016-இல் அமெரிக்காவில் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பணிநேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்தார்கள். நோயாளிகளின் மரணமோ கடுமையான சிக்கல்களோ கூடவில்லை. கட்டுப்பாடு இருந்த பிரிவில், அறுவைக்கு நடுவில் போக நேர்ந்தது, ஒப்படைப்பு குளறுபடியானது என்ற குறைகள்தான் அதிகம். நெல்வயல் என்ன எழுதினார்? எங்கள் டாக்டர் யார் என்று தெரியவில்லை என்றார். ஷிப்ட் போட்டால் அதுதான் நடக்கும். என் நோயாளிக்கு நான்தான் என்பது போய், எட்டு மணிக்கு மேல் என் பொறுப்பல்ல என்றாகும்.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

அந்த ஆய்வை நானும் படித்தேன் சார். அதில் இரண்டு பிரிவினருக்கும் வாரம் 80 மணி நேர உச்சவரம்பு அப்படியே இருந்தது. ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பும் இருந்தது. தளர்த்தியது ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம், இரண்டு ஷிப்டுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு என்பவற்றை மட்டும். அவர்களுடைய ‘தளர்ந்த’ பிரிவில் எனக்கு இடம் கிடைத்தால் நாளைக்கே சேர்ந்துகொள்கிறேன்.

அதற்கு முன்பே, 2004-இல் வந்த ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் ஷிப்ட் பார்த்த பயிற்சி மருத்துவர்கள் 35.9 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகள் செய்தது தெரிந்தது. நீண்ட ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வண்டி ஓட்டிச் செல்வோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு. எங்கள் விடுதியில் இரவுப் பணி முடித்தவர் ஸ்கூட்டர் சாவியை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துதான் வர வேண்டும் என்று நாங்களே ஒரு விதி வைத்திருக்கிறோம்.

நெல்வயல் அண்ணா சொன்னது உண்மை. ஆனால் ஒவ்வொரு வேளையும் புது டாக்டர் வந்தது நாங்கள் ஷிப்டில் வேலை பார்ப்பதால் அல்ல. ஒருவர் நோயாளியைப் பார்த்தார், இன்னொருவர் காப்பீட்டு அலுவலகத்தில் நின்றார், மூன்றாமவர் நீதிமன்றத்துக்கு விபத்துப் பதிவேட்டோடு போனார்.

பனிமூட்டம் எழுதியது:

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்பதெல்லாம் இங்கே காகிதத்தில் இருக்கிறது. சராசரி வாரம் 48 மணி நேரம். 2016 ஒப்பந்தத்தின்படி, அட்டவணையைத் தாண்டி வேலை செய்தால் அதைக் கணினியில் புகாராகப் பதியலாம். பணிநேரத்தைக் கண்காணிக்கவே ஒவ்வொரு மருத்துவமனைக் குழுமத்திலும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். குறிப்பிட்ட வரம்புகள் மீறப்பட்டால் துறைக்கு அபராதமும் உண்டு.

இங்கே எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2023-இலிருந்து எத்தனை வேலைநிறுத்தங்கள் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான்கு மாதம் ஒரு துறை, அடுத்த நான்கு மாதம் வேறு ஊர். நீங்கள் யூனிட் என்று சொல்வதற்கு இங்கே முன்பு ஃபர்ம் என்று பெயர். ஒரு கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்), அவருக்குக் கீழே அதே ஆட்கள். அது கரைந்து போய்விட்டது. என் பெயரைக் கழுத்து அட்டையில் பார்த்துவிட்டுக் கூப்பிடும் மூத்தவரிடம் வேலை செய்கிறேன். தூக்கம் கிடைக்கிறது. நான் பார்த்த நோயாளி பிழைத்தாரா என்று தெரிந்துகொள்ள, விடுப்பு நாளில் கணினியில் நுழைந்து பார்க்க வேண்டும். பார்த்தால் அது தகவல் பாதுகாப்பு விதிமீறல்.

இங்குள்ள பழைய கன்சல்டன்டுகளும் ஐயாவைப் போலவே பேசுகிறார்கள். தூங்காமல் வேலை பார்த்த பெருமையைக் கழித்துவிட்டுக் கேட்டால், அவர்கள் ஏங்குவது அந்த நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்குத்தான் என்று தோன்றுகிறது. மூன்றாம் ஆண்டு, உங்களுக்குக் குழு இருக்கிறது, தூக்கம் இல்லை. எனக்குத் தூக்கம் இருக்கிறது. எனக்கு நேர்ந்ததை நீங்களும் வாங்கிக்கொள்ளாமல் கேளுங்கள்.

செம்மண் சாலை எழுதியது:

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலராக இரண்டு வரி. ஈடுபாடு என்றால் எனக்குக் கிராமம் கிராமமாக முகம் தெரியும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் வந்த பிறகு யார் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் இருக்கிறார் என்பதுகூடத் தெரியும். காலை ஓ.பி.யில் நூறு பேரைப் பார்த்தாலும் களைப்பு வருவதில்லை. மதியம் காணொளி ஆய்வுக் கூட்டத்தில் ‘உங்கள் வட்டாரத்தில் இலக்கு 82 சதவீதம்தான்’ என்று ஒருவர் கேட்கும்போது வருகிறது. கர்ப்பிணிகளுக்கான அரசின் ‘பிக்மி’ கணினிப் பதிவில் ஒரு கட்டம் நிரப்பப்படாவிட்டால் முதல் போன் எனக்கு. பிரசவ மரணம் நடந்தால் தணிக்கை. அது தேவை, தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் 2018–20 கணக்கில் லட்சத்துக்கு 54 என்று இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் தணிக்கை அறையில் உட்கார்த்தி வைத்துக் கேட்கும் தொனி இருக்கிறதே, அதற்குப் பிறகு பிரசவ வார்டுக்குள் போகவே கால் கூசும்.

இரவில் முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கிறேன். பணியிலிருப்போருக்கான இட ஒதுக்கீட்டை மாநிலங்கள் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்ன பிறகு எங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் அது. “இவள் எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள், வேலையில் மனமில்லை” என்று மூத்தவர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நடுப்படி எழுதியது:

கணக்குப்பிள்ளை வைகைக்கரையைப் பார்த்துச் சொன்னது என்னையும் தைத்தது. நானும் உதவிப் பேராசிரியர், நாற்பத்தைந்தைத் தாண்டியவன். எங்கள் ஆட்களைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை, ஆகவே இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

ஐயாவின் தலைமுறைக்கு இரவு விழித்ததற்கு ஒரு விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. பகலில் ஜி.எச்.சில் எடுத்த பெயர் மாலையில் கிளினிக்குக்கு வந்தது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணிநேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு என்பதால் பசியில்லாமல் அர்ப்பணிப்போடு இருக்க முடிந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தக் காலத்து ஈடுபாட்டின் விலைப்பட்டியலில் இந்த வரியை யாரும் எழுதுவதில்லை. இன்று நான் கிளினிக் திறந்தால், எதிரே மூன்று மாடியில் பெருநிறுவன மருத்துவமனை இருக்கிறது. ஊதிய உயர்வுக்கு 2009-இன் அரசாணை 354-ஐ நம்பினோம். அதன்படி கேட்டு 2019 அக்டோபர் கடைசியில் வேலைநிறுத்தம் செய்தோம். சிலருக்குக் கிடைத்தது இடமாற்ற உத்தரவு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், மாவட்டங்களுக்கு நல்லதுதான். ஆனால் அங்கே ஆய்வுக்குழு வரும்போதெல்லாம் ஆள் கணக்கு காட்ட, மாற்றுப்பணி என்று பெட்டி தூக்கியது நாங்கள்.

2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவரை நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008-இலிருந்தே இருக்கிறது. அன்று இரவு என் மனைவி கேட்டார்: “உங்கள் ஓ.பி. அறைக்கு இரண்டு வாசல் உண்டா?” இருபதாண்டு பணியில் என் அறையை அந்தக் கண்ணோடு பார்த்தது அன்றுதான். ஒரு வாசல்தான்.

சீஃப் சொல்வதைக் கேட்டு வளர்ந்தோம். இப்போது பட்டமேற்படிப்பு மாணவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். எனக்குக் கீழே இருப்பவருக்கு ஓய்வு கொடுத்தால் அந்த இரவை யார் பார்ப்பது? நான்தான். வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ், மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பிள்ளைகளின் கோரிக்கை நியாயம் என்று கையெழுத்துப் போடத்தான் ஆசை. பேனா நகரவில்லை.

வைகைக்கரை எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களே, அகப்பட்டேன். நடுப்படி எழுதியதில் பெரும்பகுதி எனக்கும் பொருந்தும், அதற்குமேல் என் கதையைச் சொல்ல விருப்பமில்லை.

எனக்கு இப்போது வேண்டியது நடைமுறை. இரவு பார்த்தவரைக் காலையில் அனுப்பவும் வேண்டும், நெல்வயல் கேட்ட “எங்கள் டாக்டர் யார்” என்பதற்கும் பதில் வேண்டும், நடுப்படி சாகவும் கூடாது. எங்காவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஈதர் எழுதியது:

மயக்க மருந்தியல். எங்கள் ஊரில் மெடிசின் துறையினர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லா யூனிட்டிலிருந்தும் ஆளெடுத்து, ஒரு வாரம் முழுக்க இரவு மட்டும் பார்க்கும் அணி அமைத்தார்கள். அந்த வாரம் அவர்களுக்குப் பகலில் வேலையே கிடையாது. வகுப்புக்கும் வர வேண்டாம். இரவு எட்டு மணிக்குக் கட்டில் கட்டிலாக நடந்து ஒப்படைப்பு. காலையில் அதே அணி புது நோயாளிகளை யூனிட்டிடம் ஒப்படைத்து, அரை மணி நேரத்தில் வெளியேற வேண்டும். நோயாளி எப்போதும் யூனிட்டுடையவர். கட்டில் தலைமாட்டில் பொறுப்பு மாணவர் பெயரும் உதவிப் பேராசிரியர் பெயரும் தமிழில் எழுதி ஒட்டினார்கள். வீட்டார் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள்.

காப்பீட்டு ஆவணங்களுக்கு மாலையில் ஓர் ஒப்பந்த ஊழியரை டீன் கொடுத்தார். என்னைக் கேட்டால், அணியைவிட அந்த ஒருவர்தான் மாணவர்களின் முகத்தை மாற்றினார். நோயாளி பக்கத்தில் உட்கார நேரம் கிடைத்தது.

ஓய்வுபெற்ற கத்தி எழுதியது:

எட்டு மணி ஒப்படைப்பில் சீஃப் நின்றாரா? அவர் நிற்காத ஒப்படைப்பு மூன்றே வாரத்தில் போன் பேச்சாகிவிடும். அட்டவணையில் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அட்டவணை போடும் வழக்கம் எங்கள் காலத்திலும் இருந்தது, அதை மட்டும் காப்பாற்ற வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

சார், நீங்கள் ஓய்வுபெறாமல் இருந்திருக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

ஈதர், அந்த அட்டவணையின் படம் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். துறைத் தலைவரிடம் காட்ட வேண்டும். அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் எனக்குத் தெரியும். 2021-இல் முதுநிலைக் கலந்தாய்வு தள்ளிப்போய் முதலாண்டு மாணவர்களே வரவில்லை. மூன்று ஆண்டினர் பார்க்கும் வேலையை இரண்டு ஆண்டினர் பார்த்தார்கள். அப்படிப்பட்ட மாதங்களில் உங்கள் ஊரில் இரவு அணிக்கு ஆள் எங்கிருந்து வந்தது?

ஈதர் எழுதியது:

அனுப்பிவிட்டேன். ஆள் இல்லாத மாதங்களில் உதவிப் பேராசிரியர்கள் வாரம் ஓர் இரவு எடுத்தார்கள். சீஃப் ஒருவரும் எடுத்தார், ஓய்வுக்கு ஓராண்டு இருந்தவர். இரண்டு பேர் முடியவே முடியாது என்றார்கள். இருவரும் என் பேட்ச்தான், 2005.